தெற்குப் பக்கம் திரும்பாதவர்

வணக்கம் டீச்சர்,

நான் கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறேன். வயது 31. கணினி வேலை. உலகத்தின் விசித்திரமான இடங்களை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்து ஐந்து ஆண்டுகளாகப் பணம் சேர்க்கிறேன். துர்க்மெனிஸ்தானின் தர்வாசா நெருப்புக் குழி, நமீபியாவில் மணல் மூடிய கோல்மான்ஸ்கோப், ஜப்பானின் ஹஷிமா தீவு, எத்தியோப்பியாவின் டனாகில் பள்ளம், மெக்சிகோவின் பொம்மைத் தீவு. இதுதான் என் பட்டியல். மனித வாடையே இல்லாத இடங்கள் மீது எனக்கு ஒரு மயக்கம். முதலில் எங்கே போகலாம்? தனியாகப் போகலாமா? விசா கிடைக்குமா?

நம் நாட்டில் இப்படி ஒன்றுமே இல்லையே என்பது என் வருத்தம். பினாங்கில் பாம்புக் கோயிலை விட்டால் என்ன இருக்கிறது? நீங்கள் ஏன் திரும்பத் திரும்பப் பினாங்கைப் பற்றியே எழுதுகிறீர்கள்? வீட்டில் 90 வயதுப் பாட்டி, நான் ஊர் சுற்றுவதற்கு ஓயாமல் திட்டுகிறார். அம்மா இடுப்பில் உட்கார்ந்து கப்பலில் வந்தவராம். அவருக்கு நான் எதைப் புரியவைக்க முடியும்?

கவின்

அன்புள்ள கவின்,

கேட்டதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். தர்வாசாவுக்கு முதலில் போங்கள். காராகும் பாலைவனத்தில் 70 மீட்டர் அகலத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு அந்தக் குழி ஐம்பது ஆண்டுகளாக எரிகிறது. இப்போது அடங்கி வருகிறது. அதை அணைக்க வழி பார்க்கும்படி 2022இல் அந்நாட்டு அதிபர் உத்தரவிட்டார். நெருப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்று 2025இல் அறிவித்தார்கள். மற்ற இடங்கள் இருக்கும், அந்த நெருப்பு இருக்குமா என்று சொல்ல முடியாது. டனாகிலுக்குத் தனியாகப் போகாதீர்கள். கடல் மட்டத்துக்கு 100 மீட்டருக்கும் கீழே கிடக்கும் பூமி அது, வெயிலே ஆளைச் சாய்த்துவிடும். போனால், அஃபார் மக்கள் உப்பைப் பாளம் பாளமாக வெட்டி ஒட்டகத்தில் ஏற்றுவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கந்தக மஞ்சளை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பொம்மைத் தீவைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மரத்தில் அழுக்குப் பொம்மைகள் தொங்குவதைப் பார்க்க மெக்சிகோ வரை போக வேண்டாம். விசாவுக்குத் தூதரகத்தைக் கேளுங்கள்.

இனி உங்களைத் திட்டப்போகிறேன்.

‘மனித வாடையே இல்லாத இடம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எழுத எப்படி மனசு வந்தது? கோல்மான்ஸ்கோப்பைப் பற்றி என்ன படித்தீர்கள்? மணல் முழங்கால் வரை ஏறிய அறைகள், நீலச் சுவர், பாதி திறந்த கதவு. அந்தப் படங்களை நானும் பார்த்திருக்கிறேன், அழகுதான். அந்த ஊர் எப்படி வந்தது தெரியுமா? 1908இல் அது ஜெர்மானியர் பிடியில் இருந்த தென்மேற்கு ஆப்பிரிக்கா. தண்டவாளத்தின் மேல் காற்று கொண்டுவந்து கொட்டும் மணலை வாரிப்போடுவது ஜக்கரியாஸ் லெவாலா என்ற ரயில்வே கூலியின் வேலை. ஒருநாள் மணலில் ஒரு கல் மின்னியது. கொண்டுபோய் மேலாள் ஆகஸ்ட் ஸ்டவுக்கிடம் கொடுத்தார். வைரம். ஸ்டவுக் பெரும் பணக்காரர் ஆனார். லெவாலாவுக்கு ஒரு காசு கிடைக்கவில்லை. பாலைவனத்தின் நடுவில் மருத்துவமனை, ஐஸ் தொழிற்சாலை, நடன மண்டபம் எல்லாம் எழும்பின. அங்கே எக்ஸ்ரே கருவி இருந்ததைப் பெருமையாகச் சொல்வார்கள். கூலிகள் வைரத்தை விழுங்கியிருக்கிறார்களா என்று பார்க்கவும் அது பயன்பட்டது. வைரம் தெற்கே இன்னும் பெரிதாகக் கிடைத்ததும் ஊர் கலைந்தது, 1956இல் கடைசி ஆளும் போய்விட்டார்.

இதில் எங்கே மனித வாடை இல்லை, கவின்? அந்தச் சுவர் முழுக்க வேர்வை நாற்றம். செந்தூலில் இருந்துகொண்டு இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் கோபம். செந்தூல் ரயில் பட்டறையில் கரி பூசிக்கொண்டு நின்றவர்கள் யார்? இந்த நாட்டின் தண்டவாளத்துக்குக் கட்டை சுமந்த தோள்கள் யாருடையவை? லெவாலா உங்கள் தாத்தாவுக்குப் பங்காளி முறை ஆக வேண்டும். அவர் பெயர் தெரியாமல் அங்கே போய் நின்றீர்கள் என்றால், மணல் மூடிய வீட்டைத்தான் பார்ப்பீர்கள், வேறொன்றும் கண்ணில் படாது.

ஹஷிமாவும் அப்படித்தான். அரை கிலோமீட்டர் நீளம்கூட இல்லாத அந்தப் பாறையில் 1959இல் 5,259 பேர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள், கடலுக்கு அடியில் நிலக்கரி வெட்டினார்கள். போர்க்காலத்தில் கொரியர்களையும் சீனர்களையும் பிடித்துவந்து சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். 1974இல் சுரங்கத்தை மூடினார்கள், சில மாதங்களில் தீவு காலி. 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது அந்தக் கட்டாய உழைப்பின் கதையையும் சொல்வதாக ஜப்பான் ஒப்புக்கொண்டது. சரியாகச் சொல்லவில்லை என்று 2021இல் யுனெஸ்கோ குழுவே கடுமையாக வருந்தி எழுதியது. போங்கள். போகுமுன் படித்துவிட்டுப் போங்கள்.

நான் ஏன் பினாங்கையே எழுதுகிறேன் என்று கேட்டீர்கள். பாம்புக் கோயிலை விட்டால் என்ன இருக்கிறது என்றும் கேட்டீர்கள். பாம்புக் கோயிலிலிருந்து கொஞ்ச தூரம் கிழக்கே போனால் கடற்கரை, எதிரே ஒரு தீவு. நீங்கள் முதல் பாலத்தில் எத்தனை தடவை காரில் வந்திருப்பீர்கள்? இடது பக்கம் காடு மூடிய மேடு ஒன்று தெரியுமே, அதுதான் ஜெரெஜாக். கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது.

19ஆம் நூற்றாண்டில் அதைத் தொழுநோயாளிகளுக்கு ஒதுக்கினார்கள். பிறகு கப்பலில் வந்து இறங்குகிறவர்களை, நோய் பரவாமல் இருக்க, சில நாள் அடைத்து வைக்கும் இடமாகவும் ஆக்கினார்கள். காசநோய் மருத்துவமனை வந்தது. 1969இல் சிறை வந்தது, 1993 வரை இருந்தது. ரஷ்ய மாலுமிகளின் கல்லறைகூட அங்கே உண்டு. 1914 செப்டம்பரில் சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன எம்டன் கப்பல், அடுத்த மாதமே பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ஜெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்த எம்டன்தான்.

இதெல்லாம் யாரும் சொல்லக்கூடிய விவரம். நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் வீடு நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். வருஷத்துக்கு ஒரு தடவை தைப்பூசத்துக்குப் பினாங்குத் தீவிலுள்ள தண்ணீர்மலைக்குப் போவோம். பட்டர்வொர்த் வரை பஸ், அங்கிருந்து பெர்ரி. அப்போது பாலம் கிடையாது. பெர்ரியில் ஏறியதும் தாத்தா விறுவிறுவென்று வலது பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மடியில் அர்ச்சனைத் தட்டு. இடது பக்கம்தான் காற்று நன்றாக வரும். தெற்கே தூரத்தில் ஒரு பச்சை மேடு தெரியும், அதைப் பார்க்க எனக்கு ஆசை. ஏழு வயசில் ஒரு தடவை கையை உதறிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினேன். “தாத்தா, இங்க வாங்க, ஒரு தீவு!” என்று கத்தினேன். அவர் எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததே இல்லை. அடித்துவிட்டு மறுபடி போய் வடக்கே பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அவர் இறந்த பிறகு பாட்டி சொன்னாள். 1928இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது தாத்தாவுக்கு 14 வயசு. கூட அவர் அம்மாவும், நாலு வயசுத் தங்கச்சியும். தோட்டத்தில் முன்னாலேயே வந்திருந்த அப்பாவிடம் போகிறார்கள். பினாங்கில் இறக்கவில்லை, நேரே ஜெரெஜாக். குவாரண்டைன் என்பதைத் தாத்தா ‘கொரண்டி’ என்றுதான் சொல்வாராம். உடுத்திய துணியை உருவி ஆவியில் போட்டார்கள், மருந்துத் தண்ணீரில் நிறுத்திக் குளிக்கவைத்தார்கள். அந்தப் பக்கம் குஷ்டரோகிகள் இருக்கிறார்கள், எல்லை தாண்டாதே என்று பயம் காட்டினார்கள். நாலாம் நாள் குழந்தைக்கு வாந்தியும் பேதியும். யாரோ வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா பின்னால் ஓடியிருக்கிறாள், கம்பிக் கதவோடு நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, போய்விட்டது என்று வாயால் சொன்னார்கள். எங்கே புதைத்தார்கள் என்று காட்டவில்லை. கெடு முடிந்ததும் படகில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேர் போய் தோட்டத்தில் இறங்கினார்கள்.

“அந்தப் பிள்ளை பேரு என்ன பாட்டி?” என்று கேட்டேன். “உங்க தாத்தா சொன்னதே இல்ல. மாமியாகிட்ட நான் கேட்டதும் இல்ல” என்றாள்.

போன மாதம் என் அத்தை காலமானார், 83 வயசு. தாத்தாவின் பிள்ளைகளில் கடைசியாக இருந்தவர். மருத்துவமனையில் அவர் காதருகே குனிந்து அதே கேள்வியைக் கேட்டேன். யோசித்தார். தலையை ஆட்டினார். அதோடு போயிற்று. அவர் காரியம் முடிந்த வாரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. ‘நம் நாட்டில் ஒன்றுமே இல்லை’ என்ற வரியைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன்.

எனக்கும் இதில் பழி உண்டு, மறைக்க மாட்டேன். ஆசிரியையாக இருந்தபோது ஒரு தடவை மாணவர்களை ஜெரெஜாக்குக்கு அழைத்துப் போனோம். எங்களைச் சுற்றிக்காட்ட வந்த ஆள் சிறைச் சுவரைக் காட்டினார், பேய்க் கதை சொன்னார், ராத்திரியில் குழந்தை அழும் சத்தம் கேட்கும் என்றார். பிள்ளைகள் அலறிச் சிரித்தார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தைந்து தமிழ்ப் பிள்ளைகள் என் முன்னால் நின்றார்கள். அதில் பாதிப் பேரின் பாட்டன் பூட்டன் அந்தக் கரையில் துணி இல்லாமல் நின்றவர்களாக இருக்கலாம். சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டியவள், வாயை மூடிக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பேசாததைத்தான் இன்றைக்கு உங்கள் தலையில் கொட்டுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கு, போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட ரயில் பாதையைப் பார்க்க எத்தனை பேர் போகிறார்கள்! அந்த ஊர்ப் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 சமாதிகள், பெரும்பாலும் பெயர், வயசு, படைப்பிரிவோடு, புல் வெட்டி, பூச்செடி வைத்து. நல்ல காரியம், அந்தப் பையன்களுக்கும் அம்மா இருந்தாள். அதே சயாம் மரண ரயிலுக்கு நம் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போன ஜனத்துக்கு அப்படி வரிசை வரிசையாகப் பெயர் வெட்டிய கல் எங்கே? எனக்கு நெஞ்சு அடைப்பது இந்த இடத்தில்தான். செத்தது தெரிகிறது, பெயர் தெரியவில்லை. பெயர் போன இடத்தில் காடு ஏறுகிறது, காடு ஏறிய இடத்துக்குப் பேய்க் கதை வருகிறது, அப்புறம் அது யாரோ ஒருவருடைய விசித்திர இடப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

பொம்மைத் தீவை அடித்துவிடச் சொன்னேன் அல்லவா? அடிக்க வேண்டாம். இதை எழுதிக்கொண்டு வரும்போதுதான் எனக்கு உறைத்தது. சோசிமில்கோ கால்வாயில் மூழ்கிச் செத்த ஒரு சிறுமிக்காக அந்தத் தீவுக்காரர் முதல் பொம்மையைக் கட்டினார் என்று சொல்கிறார்கள். ஏறக்குறைய ஐம்பது வருஷம், 2001இல் சாகும்வரை, கட்டிக்கொண்டே இருந்தார். யார் பெற்ற பிள்ளையோ. எங்கள் வீட்டில் ஒரு பொம்மைகூட யாரும் கட்டவில்லை. அங்கே போனால் செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள்.

உங்கள் பாட்டிக்கு நீங்கள் எதையும் புரியவைக்க வேண்டாம். அம்மா இடுப்பில் உட்கார்ந்து கப்பலில் வந்தவர் என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எந்தக் கப்பல்? எங்கே இறக்கினார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள்? கூட வந்தவர்கள் எல்லாரும் கரை ஏறினார்களா? அவருக்கு நினைவு இருக்காது, ஆனால் அவர் அம்மா சொல்லிக் கேட்டிருப்பார். டிக்கெட் எடுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். சாயங்காலம் பசியாறிய பிறகு பக்கத்தில் உட்காருங்கள், கைப்பேசியைப் பையில் போடுங்கள். 90 வயசு என்கிறீர்கள், காது மந்தமாக இருக்கும், கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள். ஏதாவது பெயர் சொன்னால், யாருடைய பெயராக இருந்தாலும் சரி, உடனே எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கு அப்புறம் ஒரு சனிக்கிழமை கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் பிடித்து பட்டர்வொர்த்துக்கு வாருங்கள். ரயில் நிலையத்திலிருந்து பெர்ரிக்கு நடந்தே வரலாம். நான் அங்கே நிற்கிறேன். இடது பக்கம் உட்காருவோம்.

அன்புடன்,
டீச்சர்