எதையும் தூக்கிப்போட மனம் வராவிட்டால் என்ன செய்வது?
உடைந்த குடை, பழைய சார்ஜர் எதையும் விட மனம் வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். தூக்கிப்போட நினைத்ததும் பதற்றம் எழுகிறது. திரும்ப எடுத்து வைத்ததும் அடங்குகிறது. அந்த நிம்மதிதான் பழக்கத்தை வளர்க்கிறது.

அதனால் நினைவுப்பொருள்களை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒரே ஒரு இழுப்பறை, அதில் எளிதாக விடக்கூடிய ஒன்று. விட்டபின், பதற்றம் தானாகத் தணிவதைக் கவனியுங்கள். அப்புறம் அடுத்தது. புதிதாகச் சேர்ப்பதும் குறைய வேண்டும். வீட்டார் உங்களுக்குத் தெரியாமல் எடுத்து எறிவது வேண்டவே வேண்டாம், நம்பிக்கைதான் உடையும்.

நடக்கவும் படுக்கவும் இடமில்லாத நிலை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் பொருள்களை விட முடியாமல் சேர்த்துக் குவிப்பதைத் தனிக் கோளாறாகவே வகைப்படுத்தியது. எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசிப் படிப்படியாக மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பலருக்கும் உதவுகிறது.