போட்டிப் பலகையை யாரும் பார்க்கவில்லை என்றால்

வணக்கம். அலுவலகத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்த, மாடிவாரியான பயன்பாட்டைத் திரையில் போட்டுப் பரிசும் அறிவித்தீர்கள். இப்போது யாரும் கண்டுகொள்வதில்லை, இரவும் பகலும் கணினிகள் ஓடும் சர்வர் அறை இருக்கும் மாடிக்காரர்கள் கோபமாக இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கோபம் நியாயம்தான். என்ன செய்தாலும் கடைசி இடம் என்றால் யார் விளையாடுவார்கள்?

சர்வர் அறைக்குத் தனி மீட்டர் போட்டுக் கழித்துவிடுங்கள். ஒவ்வொரு மாடியும் தன் பழைய அளவோடு மட்டும் மோதட்டும். சராசரியைக் காட்டுவதிலும் சிக்கல் உண்டு. 2007-ல் வெளியான கலிபோர்னியா ஆய்வொன்றில், தங்கள் மின்சாரப் பயன்பாடு சராசரிக்கும் குறைவு என்று தெரிந்துகொண்ட வீடுகள் கூடுதலாக மின்சாரம் செலவழிக்க ஆரம்பித்தன. கூடவே ஒரு சிரித்த முகம் வரைந்து கொடுத்த வீடுகளில் அப்படி ஏறவில்லை. சின்னப் பாராட்டுக்கு அவ்வளவு பலம்.

அப்புறம், கிலோவாட் மணிக் கணக்கு பலருக்கும் பிடிபடாது. எல்லோரும் கிளம்பிய பிறகும் ஓடும் மின்சாரத்தை மட்டும் விளையாட்டாக்குங்கள். யாருடைய வசதியும் கெடாது. அதில் பெரும்பாலும் அணைக்க மறந்த மானிட்டர், பிரிண்டர், மீட்டிங் அறை ஏசிதான் இருக்கும். கதவருகே ஒரு விளக்கு வையுங்கள்: எல்லாம் அணைந்திருந்தால் பச்சை, இல்லையென்றால் எந்த அறை என்று காட்டட்டும். கடைசியாகக் கிளம்புபவர் அங்கேயே திரும்பிப் போய் அணைக்கலாம்.

ஏசி வெப்பநிலையைப் போட்டியில் சேர்க்காதீர்கள். புழுக்கத்தில் உட்கார்ந்து புள்ளி சேர்த்தால் வெறுப்புதான் மிஞ்சும். ‘குளிர்கிறது’, ‘புழுங்குகிறது’ என்று இரண்டு பொத்தான் கொடுங்கள். குளிர்கிறது என்று அதிகம் பேர் அழுத்திய இடத்தில் ஒரு டிகிரி ஏற்றுங்கள். தனி ஆள் பெயரில் மட்டும் எதையும் காட்ட வேண்டாம்.