வக்கீலிடம் சொன்னது யாருடைய ரகசியம்?

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஸ்டாக் குறைவதை விசாரிக்க கம்பெனி வக்கீல் வந்தார். வக்கீலிடம் சொன்னால் வெளியே போகாது என்று நம்பி, மேனேஜர் சொல்லி நான் இரண்டு பில்லைத் திருத்தியதையும் சொல்லிவிட்டேன். இதை அவர் எம்.டி.யிடம் சொல்வாரா?

பதில்: சொல்வார். சொல்லாமல் இருந்தால்தான் தவறு. அவருக்குக் கட்சிக்காரர் கம்பெனி. நீங்கள் அல்ல, எம்.டி.யும் அல்ல. வக்காலத்தில் கையெழுத்துப் போடுவது ஒரு மனிதர்தான், ஆனால் கம்பெனிக்காகப் போடுகிறார். நீங்கள் பேசியதும் அப்படித்தான், கம்பெனி ஊழியராகப் பேசினீர்கள்.

கட்சிக்காரரோ அவர் சார்பில் வேறொருவரோ தொழில் நிமித்தம் சொன்னதை, கட்சிக்காரர் வெளிப்படையாகச் சம்மதிக்காமல் வக்கீல் வெளியிடக் கூடாது. 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126-வது பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 132-வது பிரிவில் இருக்கிறது. வழக்கு முடிந்தாலும், வக்கீலை மாற்றினாலும் இந்தக் கடமை தொடரும். அவருடைய குமாஸ்தாவையும் கட்டும். இவ்வளவு பலமான பூட்டுதான், ஆனால் சாவி கம்பெனியின் இயக்குநர் குழுவான போர்டின் கையில் இருக்கிறது. ‘போலீசுக்குக் கொடுங்கள்’ என்று நாளை அவர்கள் தீர்மானம் போட்டால், உங்கள் வாக்குமூலத்தை நீங்கள் தடுக்க முடியாது.

விசாரணையைத் தொடங்கும் முன்பே ‘நான் கம்பெனிக்குத்தான் வக்கீல்’ என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். பல பேர் சொல்வதில்லை. சொன்னால் எதிரில் இருப்பவர் வாய் திறக்க மாட்டாரே!

இதே பேச்சைக் கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்கும் சட்ட அதிகாரியிடம் பேசியிருந்தால், கம்பெனிக்கே அந்தப் பூட்டு கிடைக்காது. முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்ய பார் கவுன்சில் விதி இடம் தராது. அதனால் அவருக்கு 132-வது பிரிவு பொருந்தாது என்று 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்பெனி சார்பில் அவர் வெளி வக்கீலோடு நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு 134-வது பிரிவில் பாதுகாப்பு உண்டு. முதலாளியும் அவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டதற்கு அதுவும் கிடையாது.

அந்த இரண்டு பில்களுக்கும் எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் காகிதம் வக்கீலின் கட்டுக்குள் போனதாலேயே ரகசியமாகிவிடாது. நடந்து முடிந்த தப்பை ஒப்புக்கொண்டு ஆலோசனை கேட்பது ஒன்று. ‘இனி எப்படி மறைக்கலாம்’ என்று கேட்பது வேறு. பின்னதைச் சட்டம் காக்காது.

இனி ஒரு பில்லையும் தொடாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி போனில் இருந்தால் அப்படியே இருக்கட்டும். ‘ஏன் காட்டிக்கொடுத்தீர்கள்’ என்று கம்பெனி வக்கீலுக்கு போன் போட வேண்டாம். அந்தப் பேச்சும் கம்பெனி கோப்புக்குத்தான் போகும். உங்களுக்கென்று ஒரு வக்கீலை இந்த வாரமே பாருங்கள், அவர் கம்பெனி வக்கீலின் ஜூனியராகவோ ஒரே ஆபீஸ்காரராகவோ இருக்கக் கூடாது. கம்பெனி மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டால், உங்கள் வக்கீலைக் கேட்டபிறகு பதில் சொல்லுங்கள்.