எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் சொருகினா லேப்டாப்ல வைஃபை கட் ஆகுது, கழட்டினா திரும்ப வருது. ஏன் இப்படி?

ரௌட்டர் மாத்தியாச்சு, விண்டோஸ் புதுசா போட்டாச்சு, ஆனா ஃபோன்ல நல்லா வர்ற நெட் லேப்டாப்ல மட்டும் டிஸ்க் போட்டதும் செத்துடுதுன்னு எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு இதுக்கு மேல காசு செலவு பண்ணாதீங்க. நீங்க சொன்ன அறிகுறிய வச்சுப் பாத்தா லைன்லயும் தப்பில்ல, ரௌட்டர்லயும் தப்பில்ல, டிஸ்க்கும் கெட்டுப் போகல. யூஎஸ்பி 3 ஓடும்போது அதுல இருந்து ரேடியோ இரைச்சல் வருது, அது நேரா உங்க 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை மேல போய் விழுது.

யூஎஸ்பி 3.0 செகண்டுக்கு 5 ஜிகாபிட் அனுப்புது. 1, 0, 1, 0ன்னு அந்த வேகத்துல மாறினா அதோட அலை 2.5 ஜிகாஹெர்ட்ஸ்ல நிக்கும், ஆனா டேட்டாவ வேணும்னே கலைச்சுப் போட்டுதான் அனுப்புறாங்க, அதனால அந்த சக்தி ஒரு இடத்துல நிக்காம ரெண்டு பக்கமும் அகலமா பரவிடுது, வைஃபையோட 2400ல இருந்து 2483 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கற பேண்ட் (அலைவரிசை) முழுசும் அதுக்குள்ள மாட்டிக்குது. இது ஏதோ ஊகம் இல்ல, இன்டெல் கம்பெனியே 2012ல இதுக்குன்னு ஒரு பேப்பர் போட்டிருக்காங்க, யூஎஸ்பி 3 டிஸ்க் சொருகினதும் அந்த இடத்துல இரைச்சல் 20 டெசிபல் கிட்ட ஏறுதுன்னு அளந்து காட்டியிருக்காங்க. 20 டெசிபல்னா நூறு மடங்கு. டிஸ்க்ல இருந்து மட்டும் இல்ல, கேபிள், சொருகுற போர்ட் எல்லாத்துல இருந்தும் கசியுது. ஃபைல் காப்பி பண்ணாம சும்மா இருந்தாக்கூட அந்த லிங்க் விழிச்சிட்டு இருந்தா சிக்னல் ஓடிட்டேதான் இருக்கும்.

இதுல எல்லாரையும் குழப்புற விஷயம் என்னன்னா வைஃபை குறி ஃபுல்லா காட்டும். ஹால்ல இருந்து அம்மா கூப்பிடுறாங்க, நம்ம காது பக்கத்துல மிக்ஸி ஓடுது, அம்மா குரல் ஒண்ணும் குறையல, நமக்குத்தான் கேக்கல. அதே கதைதான், லேப்டாப் சொல்றது ரௌட்டருக்குக் கேக்குது, ரௌட்டர் சொல்றது லேப்டாப்புக்குக் கேக்க மாட்டேங்குது, அதனால பெரும்பாலும் டவுன்லோட்தான் மொதல்ல படுக்கும். லைன் பாக்க வர்றவர் அவர் ஃபோன்ல ஸ்பீடு டெஸ்ட் போட்டு எல்லாம் சரியா இருக்குன்னு போயிடுவார், அவர சொல்லியும் குத்தம் இல்ல.

உறுதி பண்ணிக்க ஒரு டெஸ்ட். ரௌட்டர் அட்ரஸுக்கு, நிறைய வீட்ல 192.168.1.1 இல்லன்னா 192.168.0.1 ஆ இருக்கும், கமாண்ட் ப்ராம்ப்ட்ல பிங் (ஒரு சின்ன செய்தி போயிட்டு வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற கட்டளை) போட்டு கடைசில மைனஸ் டி (-t) சேத்துக்கோங்க, நிறுத்துற வரைக்கும் ஓடும். வெளி சைட்டுக்கு பிங் போடாதீங்க, அப்ப லைன் பிரச்சனையும் சேந்து வந்து குழப்பும். அது ஓடும்போதே டிஸ்க்க சொருகுங்க. ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட்ல வந்தது நூத்துக்கணக்குல ஏறினாலோ டைம் அவுட் ஆனாலோ இதேதான். சொருகின கேபிள கையில பிடிச்சு டிஸ்க்க ஸ்க்ரீன விட்டுத் தள்ளித் தள்ளி வச்சுப் பாருங்க, நிறைய லேப்டாப்ல ஆன்டெனா ஸ்க்ரீன் ஓரத்துலதான் இருக்கும், தூரம் கூடக்கூட பிங் இறங்கும். எங்க அத்தை வீட்ல இத வச்சுத்தான் கண்டுபிடிச்சோம், பையனோட ஆன்லைன் க்ளாஸ் திணறிட்டு இருந்துச்சு, டிஸ்க்க மேஜையோட அந்தப் பக்கம் வச்சதும் ஓடுச்சு.

சேனல் மாத்துங்க, 1, 6, 11ல ஒண்ணு வைங்கன்னு இங்க சிலபேர் சொல்லியிருக்காங்க. பக்கத்து வீட்டு வைஃபை இடிச்சா அது சரியான வைத்தியம், ஆனா இந்த இரைச்சல் பேண்ட் முழுசுக்கும் இருக்கு, எந்தச் சேனலுக்கு ஓடினாலும் அங்கயும் இருக்கும்.

நல்ல தீர்வு 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறுறதுதான். அங்க இந்த இரைச்சல் ரொம்பக் கம்மி. ரௌட்டர்ல ரெண்டு பேண்டுக்கும் ஒரே பேர் இருந்தா லேப்டாப் அதுபாட்டுக்கு 2.4ல போய் உக்காந்துக்கும், அதனால தனித்தனிப் பேர் வச்சு 5ஐ நீங்களே புடிங்க. ரெண்டு சுவர் தாண்டினா 5 இளைச்சுடும், பழைய லேப்டாப்ல 5 வசதியே இருக்காது, அந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் அடுத்தது.

டிஸ்க்க யூஎஸ்பி 2 போர்ட்ல போடுங்க. உள்ள கறுப்பா இருக்கற போர்ட் பெரும்பாலும் 2, நீலமா இருந்தா 3. எல்லா போர்ட்டும் 3ஆ இருந்தா ஒரு வழி இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது: டிஸ்க் பக்கம் அந்த அகலமான ரெட்டைச் சொருகி இருந்தா, பழைய ஆண்ட்ராய்டு ஃபோன் சார்ஜர் கேபிள், மைக்ரோ யூஎஸ்பி, டேட்டாவும் போற கேபிளா பாத்து அதோட பெரிய பாதியில சொருகுங்க, கச்சிதமா உக்காரும். அப்ப 480 மெகாபிட்டுக்கு இறங்கிடும், செகண்டுக்கு 35, 40 எம்பி கிட்ட வரும், படம் பாக்க, பேக்கப் எடுக்க அது தாராளம். வேகமும் வேணும்னா கெட்டியா ஷீல்டு பண்ண நல்ல கேபிள் வாங்கி, லேப்டாப்போட இன்னொரு பக்க போர்ட்ல போட்டு, டிஸ்க்க தள்ளி வைங்க. இல்லன்னா ஒரு லான் கேபிள இழுத்து விட்டுடுங்க, வைஃபையே வேணாம்.

வயர்லெஸ் மௌஸ் தத்தித் தத்திப் போனா, ப்ளூடூத் ஹெட்செட் விட்டு விட்டுக் கேட்டா அதுவும் இதேதான், அதுங்களும் 2.4தான். மௌஸ் டாங்கிள (லேப்டாப்ல சொருகுற அந்தக் குட்டி ரிசீவர) ஒரு யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் வயர்ல போட்டு டிஸ்க்க விட்டுத் தள்ளிக் கொண்டுவாங்க. டிஸ்க்க ரௌட்டர் பின்னாடியே மாட்டியிருக்கறவங்களுக்கு வீட்டுக்கே 2.4 மந்தமாகும், சில ரௌட்டர் செட்டிங்ஸ்ல அந்த போர்ட்ட யூஎஸ்பி 2 ஆக்குற ஆப்ஷனே குடுத்திருக்காங்க, தேடிப் பாருங்க.

கமெண்ட்ல ஒருத்தர் லேப்டாப்ப ஸ்லீப்ல போட்டா வீட்ல எல்லாருக்கும் நெட் நிக்குதுன்னு கேட்டிருந்தார். அது ரேடியோ இல்லீங்க. லான் கேபிள் போட்ட டாக் (லேப்டாப்ல சொருகினா நிறைய போர்ட் தர்ற பெட்டி) இருந்தா அத சந்தேகப்படுங்க, லேப்டாப் தூங்கினதும் சில டாக்ல இருக்கற லான் சிப் வர்ற டேட்டாவ வாங்க ஆள் இல்லாம "கொஞ்சம் நிறுத்து"ன்னு பாஸ் ஃப்ரேம்ங்கற (pause frame) செய்திய அனுப்பிட்டே இருக்கும், சில ஸ்விட்சும் ரௌட்டரும் அதக் கேட்டு மொத்த வீட்டையும் நிறுத்திடும். நெட் நின்ன நேரத்துல டாக்ல இருந்து லான் கேபிள உருவிப் பாருங்க, உடனே வந்துச்சுன்னா அதேதான், டாக்கோட ஃபர்ம்வேர் (அதுக்குள்ளயே ஓடுற சாஃப்ட்வேர்) அப்டேட் இருக்கான்னு பாருங்க, வர்ற வரைக்கும் ஸ்லீப் போடும்போது கேபிள கழட்டிடுங்க.