பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி: பளபளப்புக்கு விலை கொடுக்கும் முன்

கேள்வி: இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்ததால் வரிகள் தெரியும் டமாஸ்கஸ் குழல்களை மெருகேற்றிவிட்டால், இக்காலத் தோட்டாக்களைப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. அவை கருப்பு வெடிமருந்துக் காலத்துக் குழல்கள். மெருகு வலிமை தராது.

கேள்வி: பாட்டனாரின் துப்பாக்கியைப் புதுப்பிக்கக் கொடுத்தேன். கருநீலமாக மின்னியபடி திரும்பி வந்தது. சில மாதங்களில் குழல்களுக்கு இடையிலுள்ள பட்டை தூக்கிக்கொண்டு, இடுக்கிலிருந்து துரு கசிகிறது. ஈரத்தில் வைத்தது என் தவறு என்கிறார்கள்.

பதில்: தவறு உங்களுடையது அன்று. பழைய இரட்டைக் குழல்களில் நடுப்பட்டையை ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றுதான் பிடித்திருக்கிறது. உங்கள் துப்பாக்கியை ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் காஸ்டிக் கரைசலில் முக்கியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. அந்தச் சூட்டில் பற்று உருகாவிட்டாலும் காரம் அதை அரித்துவிடும், பட்டைக்கு அடியில் தங்கிய உப்பு உள்ளிருந்தே துருவை வளர்க்கும். இவ்வகைக் குழலுக்கு உரியது மெதுவான துரு முறை: எண்ணெய்ப் பசை நீக்கி, துருவேற்றும் கரைசலைத் தடவி, மெல்லிய துரு படியவிட்டு, வெறும் நீரில் கொதிக்கவைத்தால் செந்துரு கருமையாக மாறும், அதை மென்மையான எஃகு நாரால் தேய்த்துவிட்டு, நிறம் ஆழமாகும்வரை பலமுறை திரும்பச் செய்ய வேண்டும். அதற்கு நாள்கள் ஆகும் என்பதாலேயே பலர் குறுக்குவழியில் போகிறார்கள். நிறமேற்றும் முன் சுழல் சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பது இன்னொரு கொடுமை. அப்படி மின்னிய ஒன்றை நானும் நல்ல விலைக்கு வாங்கினேன்: செதுக்கு வேலை மழுங்கி, திருகுத் துளைகளின் விளிம்பு குழிந்து, குழலின் வலிமையைச் சோதித்ததற்கான முத்திரைகள் பாதி அழிந்திருந்தன. போன உலோகத்தை எவராலும் திரும்ப வைக்க முடியாது. உங்கள் குழல்களைக் காப்பாற்றலாம். பட்டையைப் பிரித்து, உப்பை முழுவதும் கழுவி, மீண்டும் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் எழுத்து மூலம் மதிப்பீடு பெற்று, அந்தச் செலவைப் பழைய பட்டறையிடமே கேளுங்கள்.

கேள்வி: படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினேன். மூடிய பிறகும் குழல் ஆடுகிறது. மேற்பூச்சைப் புதுப்பித்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையைக் கழற்றி, மூடிய நிலையில் ஆட்டிப் பார்த்திருந்தால் கீல் தேய்ந்திருப்பது அப்போதே தெரிந்திருக்கும். குழல்களைத் தனியே தொங்கவிட்டுத் தட்டினால், மணிபோல் ஒலிக்காமல் அதிர்ந்து இரைவது பட்டை விட்டுப்போனதைச் சொல்லும். தோட்டா அறையையும் அளக்காமல்தான் வாங்கியிருப்பீர்கள். பல பழைய துப்பாக்கிகளில் அது 65 மில்லிமீட்டர், இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டாக்களோ 70 மில்லிமீட்டர் அறைக்கானவை. இந்த மூன்றுக்கும் ஒரு கைவினைஞர் பதில் சொல்லும்வரை அதைச் சுட வேண்டாம், பூச்சுக்கும் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: எண்ணெய் ஊறிக் கறுத்த வால்நட் கட்டையை உப்புத்தாளால் தேய்க்கலாமா?

பதில்: வேண்டாம். மரம் உலோகத்தைவிடத் தாழ்ந்துவிடும், பிடிக்காகச் செதுக்கிய கட்டங்களும் அழியும். சுண்ணக்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்துப் பூசுங்கள். உலரும்போது எண்ணெயை உறிஞ்சும். காற்றோட்டமும் நெருப்பின்மையும் கட்டாயம். பிறகு ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் அடுத்ததைத் தடவுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைக்காமல் விரித்து உலர்த்துங்கள். அது தானாகவே தீப்பற்றக்கூடியது.