யாழ்ப்பாண வெக்கையில் செருப்பு ஓர்கிட்டை மண்ணில்லாமல் தண்ணீர்ச் சாடியில் வளர்க்க முடியுமா?

முடியும். எங்கள் வீட்டு விறாந்தையில் இப்போது நான்கு சாடிகள் நிற்கின்றன. ஆனால் முதலில் வாங்கியது செத்துப்போனது. அது செத்த விதத்தைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் உங்களுக்கு விளங்கும்.

இந்த முறைக்குச் செமி ஹைட்ரோபோனிக்ஸ் என்று பெயர். பெயருக்குத்தான் பெரிசு. அடியில் ஓட்டை இல்லாத பிளாஸ்டிக் சாடி, அதன் பக்கத்தில் 3 சென்ரிமீற்றர் உயரத்தில் இரண்டு ஓட்டை, உள்ளே லெக்கா என்கிற சுட்ட களிமண் உருண்டைகள். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் ஓட்டை வரைக்கும் தேங்கும், மிச்சம் வெளியே வரும். தேங்கியதை உருண்டைகள் மெல்ல மேலே உறிஞ்சிக் கொடுக்கும். நான் யோகட் வாளிதான் பாவிக்கிறேன். ஆணியைச் சுடவைத்துக் குத்தினால் ஓட்டை ரெடி. முதல் நாள் அதைப் பார்த்த அம்மம்மா, "உதென்ன பிள்ளை, கல்லை அவிக்கப் போறியோ?" என்று கேட்டா.

நான் முதலில் வாங்கியது பாபியோபெடிலம் கொன்கலர் என்கிற செருப்பு ஓர்கிட். வெளிர் மஞ்சள் பூ, அதில் ஊதாப் பொட்டு. தாய்லாந்து, மியன்மார் பக்கம் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் வளரும் செடி. நான் போட்ட கணக்கு இதுதான்: யாழ்ப்பாணமே சுண்ணாம்புக் கல்லுக்கு மேலேதான் இருக்கிறது, ஆகவே எங்கள் கிணற்றுத் தண்ணீர் இதற்கு அமிர்தம். சோளகம் அடிக்கிற ஆடி மாதத்தில் நட்டு, கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினேன். இரண்டு மாதத்தில் மேல் உருண்டைகளில் வெள்ளைப் பொருக்கு. இலை நுனியெல்லாம் பொசுங்கின மாதிரி. பிடுங்கிப் பார்த்தால் வேரின் தோல் உறை மாதிரிக் கழன்று வந்தது, உள்ளே நூல் மட்டும்தான்.

தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் சாடியிலும் நடந்திருக்கிறது. உருண்டை தண்ணீரை மேலே இழுக்கும், காற்று தண்ணீரை மட்டும் கொண்டுபோகும், உப்பு அங்கேயே இருந்துவிடும். பாறையில் வளர்கிற செடிக்கு மழை வந்து அதைக் கழுவிவிடும். என் வாளிக்கு மழை ஏது? பிறகு தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கும் ரிடிஎஸ் மீற்றர் ஒன்று வாங்கிப் பார்த்தேன். எங்கள் கிணறு 800 காட்டியது, மழைத் தண்ணீர் 20கூட இல்லை.

அதன் பிறகு கூரைப் பீலியின் கீழே 200 லீற்றர் பீப்பா ஒன்று வைத்தேன். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது எத்தனையோ தரம் நிரம்பி வழியும். நான்கு சாடிக்கும் வாரம் 3 லீற்றர் போதும். மாசி முதல் புரட்டாதி வரை 35 வாரம் என்று வைத்தாலும் 105 லீற்றர்தான். பீப்பா வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டுங்கள், சாடி ஓட்டைகளிலும் சின்னத் துண்டு வலையை உள்பக்கமாக வையுங்கள். டெங்கு காலத்தில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் ஓர்கிட் என்று விளக்கம் சொல்லித் தப்ப முடியாது.

அப்புறம், நடும் நேரம். இந்தச் செடிக்கு டென்ட்ரோபியம் ஓர்கிட் போலத் தண்ணீர் சேமிக்கும் தண்டு கிடையாது. வேரும் கொஞ்சம்தான், அதுவும் தொட்டால் முறியும். தேங்காய்ப் பொச்சிலோ மரப்பட்டையிலோ வளர்ந்த பழைய வேர் இந்த ஈரத்தைத் தாங்காமல் பெரும்பாலும் அழுகிவிடும். உருண்டைகளுக்குள்ளேயே முளைக்கிற புது வேர்தான் அதற்குப் பழகும். ஆகவே பக்கத்தில் புதுக் குருத்து வந்து, அதன் அடியில் வேர் எட்டிப் பார்க்கும்போது மாற்றுங்கள். நான் மார்கழியில் மாற்றினேன், ஈரக்காற்று உதவியது. உருண்டைகளை முதல் நாளிரவே ஊறவைத்து, செம்மண் கலங்கல் போகும்வரை கழுவவேண்டும். கண்ணாடி போன்ற வாளி என்றால் ஒரு நாள் கபில நிறத்தில், வெல்வெட் மயிரோடு, வெளிறிய நுனியுடன் வேர் ஒன்று உருண்டைகளுக்கிடையே இறங்குவதைக் காணலாம். எனக்கு அது பூவைவிடச் சந்தோசம். பாசி பிடிக்காமல் வாளியை இன்னொரு சட்டிக்குள் இறக்கி வையுங்கள்.

குளிர் நாட்டுக்காரருக்கு இந்த முறையில் ஒரு தொல்லை உண்டு: தண்ணீர் ஆவியாக ஆவியாக வேர் குளிர்ந்துவிடும். எங்கள் வெக்கைக்கு அது கொடை. ஆனாலும் எல்லா வகையும் இங்கே சரிவராது. இலையில் புள்ளியும் மார்பிள் கோலமும் உள்ள, சூடு தாங்கும் வகைகளாகப் பார்த்து வாங்குங்கள். இன்சிக்னே மாதிரிப் பச்சை இலைக்காரருக்கு இரவுக் குளிர் இல்லாமல் மொட்டு வராது, அவர்கள் நுவரெலியாவில் இருக்கட்டும். காலை 9 மணிக்குப் பிறகு நேர்வெயில் வேண்டாம். குருத்துக்குள் தண்ணீர் தேங்கினால் அழுகும், ஓரமாக ஊற்றுங்கள். காட்டில் பிடுங்கிய செடியை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். பாபியோபெடிலம் இனம் முழுவதும், அழிந்துவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருக்கிறது.

வாரம் ஒருமுறை மேலிருந்து ஊற்றிப் பழைய தண்ணீரை ஓட்டை வழியாகத் தள்ளிவிடுவேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓர்கிட் உரம், பக்கற்றில் எழுதியிருப்பதில் காற்பங்கு.

ஒன்று மிச்சம். வெறும் மழைத் தண்ணீரில் கல்சியம் இல்லை. அதற்கு நான் வேறு மருந்து தேடவில்லை. ஒன்பது கோப்பை மழைத் தண்ணீருக்கு ஒரு கோப்பை என்று, முதல் செடியைக் கொன்ற அதே கிணற்றிலிருந்துதான் அள்ளிக் கலக்கிறேன். மீற்றர் 100க்குள் நிற்கிறது. உங்கள் கிணறு உவர் என்றால் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.