சொந்தக் கையால் எழுப்பிய வீடுகள்: வேலூர் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சத்துவாச்சாரி மலையடிவாரத்தில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் எங்கள் பெயரில் உள்ளன. பட்டா கிடைக்குமா?

பதில்: ரசீதும் மின் இணைப்பும் நீங்கள் அங்கே வாழ்வதைக் காட்டுமே தவிர, நிலம் உங்களுடையது என்பதை நிறுவ மாட்டா. அந்த இடம் எந்த வகைப்பாட்டில் பதிவாகியுள்ளது என்பதை வருவாய்த் துறைப் பதிவேட்டில் முதலில் பாருங்கள். நத்தம் (ஊர்க் குடியிருப்புக்கான நிலம்) என்றோ ஆட்சேபணையற்ற புறம்போக்கு (பொதுப் பயன்பாட்டுக்குத் தேவைப்படாத அரசு நிலம்) என்றோ இருந்தால் வட்டாட்சியரிடம் வரன்முறைப்படுத்த, அதாவது குடியிருப்பைச் சட்டப்படி ஏற்க, கோரி மனுக் கொடுக்கலாம். நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் பழைய ரசீதுகள் அப்போதுதான் பயன்படும். ஏரி, ஓடை, மேய்க்கால், காப்புக்காடு என்றிருந்தால் பட்டாவை எதிர்பார்த்து வீட்டில் மேலும் பணம் போடாதீர்கள்.

முப்பது ஆண்டு கடந்தால் அரசு நிலம் தானாகவே சொந்தமாகிவிடும் என்று சொல்லிப் பணம் கேட்கும் தரகர்களை நம்ப வேண்டாம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் உள்ள அந்த 30 ஆண்டு, நீதிமன்றத்தில் வலுவான சான்றுகளோடு வாதாட வேண்டிய ஒன்றே அன்றி, அலுவலகத்தில் பட்டா வாங்கித் தரும் விதி அன்று.

பட்டா கிடைத்தாலும் பாறைகளுக்கு நேர்கீழே வீடு இருந்தால் இடம் மாறுவதே நல்லது என்பது என் கருத்து. 2021 நவம்பர் மழையில் காகிதப்பட்டறை மலையிலிருந்து உருண்ட பாறை ஒரு வீட்டின்மேல் விழுந்து ஒரு பெண்மணி உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது.

கேள்வி: கொசப்பேட்டையில் நாலரை அங்குலச் சுவரும் சிமெண்ட் ஷீட்டும் போட்ட வீடு எங்களுடையது. மகன் குடும்பத்துக்காக மாடி எடுக்கலாமா? மேஸ்திரி தாங்கும் என்கிறார்.

பதில்: அந்தச் சுவரின்மேல் கூடவே கூடாது. நாலரை அங்குலச் சுவர் அறையைத் தடுப்பதற்கானது. தளத்தைச் சுமக்க ஒன்பது அங்குலச் சுவரோ தூண்களோ வேண்டும். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. ஷீட்டைத் தாங்கிய சுவருக்கு அது முற்றிலும் வேறான பாரம். கடைக்காலிலிருந்தே தூண்களைப் புதிதாக எழுப்பி, கதவு, சன்னல்களுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் போட்ட பிறகே மாடியைப் பற்றி யோசிக்க வேண்டும். பணம் போதாவிட்டால் இந்த ஆண்டு கடைக்காலும் தூண்களும், அடுத்த ஆண்டு தளமும் என்று படிப்படியாகக் கட்டுவதில் தவறில்லை. ஆனால் இடைக்காலத்தில் வெளியே நீட்டி நிற்கும் கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் பூசி மூடி வையுங்கள், துருப்பிடித்த கம்பியில் அடுத்த தூணை இணைக்காதீர்கள். அதே 2021 நவம்பரில் பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தனர். சுவரில் ஈரம் ஊறுவதைச் சிறு குறையென்று விட்டுவிடாதீர்கள். ஒரு பொறியாளரை ஒரு முறை அழைத்துப் பார்க்கச் சொல்வதற்கான கட்டணம், தளத்துக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பங்கே.

கேள்வி: காட்பாடி அருகே அங்கீகாரம் இல்லாத மனை விலை குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: 20.10.2016க்கு முன் அந்த மனைப்பிரிவில் விற்பனைப் பதிவு நடந்திருந்தால் வரன்முறைக்கு வழி இருந்தது. விற்பவரிடம் அந்த வரன்முறை ஆணையைக் கேளுங்கள். இல்லையென்றால் பத்திரப்பதிவிலும் கட்டட அனுமதியிலும் இடர்ப்பாடு வரும். முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: கால்வாய்க் கரையில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்துள்ளது. மாற்று வீடு தொலைவில் தருவார்கள் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: நோட்டீஸில் எந்தச் சட்டம் குறிப்பிடப்பட்டுள்ளது என்று முதலில் பாருங்கள். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் என்றால், உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் அகற்ற முடியாது. உத்தரவு வந்த பின் மேல்முறையீடும் உண்டு. ஆகவே குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். மழைக்காலத்தில் நீர் செல்லும் கால்வாயைத் திறந்துவிடத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் பீடித் தொழிலிலும் வீட்டு வேலையிலும் பிழைப்பவர்களைப் பேருந்து வசதியற்ற இடத்தில் குடியமர்த்துவது அவர்களின் வருமானத்தைப் பறிப்பதாகும். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறிய அமைப்பிடம், பள்ளியும் வேலையும் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதைக் குறிப்பிட்டுத் தெருவார் அனைவரும் ஒரே மனுவாகக் கொடுங்கள்; கணக்கெடுப்பு நடக்கும் நாளில் உங்கள் பெயர் பட்டியலில் ஏறியதா என்பதையும் நேரில் உறுதி செய்துகொள்ளுங்கள்.